புகையிலையை விட்ட மூன்றாம் நாளில் என்ன நடக்கிறது?

உழவர் வீட்டு உடல்நலம்: கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த உடல்நலக் கடிதங்களில் ஐந்து கடிதங்கள் புகையிலையைப் பற்றியவை. ஒருவர் வெற்றிலையோடு போடுகிறார், ஒருவர் பீடி, ஒருவர் புகையிலையைப் பயிராகவே வைத்திருக்கிறார். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் பதில்கள் எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் ஐந்தையும் இங்கே ஒன்றாகத் தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் வெளியிடப்படவில்லை.

‘என் வீட்டுக்காரருக்கு 46 வயது. மூன்று ஏக்கரில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிறோம். இருபது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். வாயில் வெள்ளையாகத் தடிப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு மூன்று தடவை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நாள் வீட்டில் ஒரே சண்டை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார், ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ‘மனசில் உறுதி இல்லாதவன்’ என்கிறார் மாமனார். அது உண்மையா?’
– வாசகி, பவானி வட்டம், ஈரோடு மாவட்டம்

உண்மை இல்லை. மூன்றாம் நாள் கோபம் அவருடைய குணமும் அல்ல, உறுதிக் குறைவும் அல்ல. புகையிலையில் உள்ள நிக்கோடின் என்ற பொருள் இருபது ஆண்டுகளாக அவர் மூளையில் ஒரு மாற்றத்தைச் செய்து வைத்திருக்கிறது. அது திடீரென்று கிடைக்காமல் போகும்போது வருவதுதான் இந்தக் கோபமும் தூக்கமின்மையும். இதற்கு ஒரு தொடக்கம், ஓர் உச்சம், ஒரு முடிவு உண்டு. அது தெரியாததால்தான் பல குடும்பங்கள் உச்சத்தில் நின்று திரும்பி வந்துவிடுகின்றன.

‘இது நல்லது, இதை மறுபடியும் செய்’ என்று கற்றுக்கொடுக்கும் ஓர் அமைப்பு எல்லோருடைய மூளையிலும் இருக்கிறது. பசித்தவர் சோறு சாப்பிடும்போதும், வெயிலில் வந்தவர் தண்ணீர் குடிக்கும்போதும் அது வேலை செய்கிறது. மூளையின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிறிய நரம்புக் கூட்டம், முன்பக்கம் உள்ள இன்னொரு பகுதிக்கு டோபமைன் என்ற பொருளை அனுப்பும். உயிர் வாழத் தேவையானதை மறக்காமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

அதன் பலம் எவ்வளவு என்பதை 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எலியின் மூளையில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய கம்பி வைத்து, எலி ஒரு கட்டையை அழுத்தினால் லேசாக மின்சாரம் பாயும்படி செய்தார்கள். உணவோ தண்ணீரோ எதுவும் பரிசாகக் கிடையாது. ஆனாலும் எலிகள் மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அந்தக் கட்டையை அழுத்தின. அந்த எலிகளிடம் போய் மன உறுதியைப் பற்றிப் பேச முடியாது.

நிக்கோடின் இந்த அமைப்புக்குள் கள்ளச் சாவி போட்டு நுழைகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்ற பொருளை உடலே தயாரிக்கிறது. அது ஒரு சாவி. நரம்பின் மேல் அதற்கான பூட்டுகள் உண்டு. நிக்கோடினின் வடிவம் அந்தச் சாவியைப் போலவே அமைந்துவிட்டதால், அதே பூட்டைத் திறந்து டோபமைனைப் பாயச் செய்கிறது. உடலின் சொந்தச் சாவி வேலை முடிந்ததும் உடனே சிதைந்துவிடும். கள்ளச் சாவி அப்படிச் சிதையாது, பூட்டிலேயே தங்கும். இப்படி ஓயாமல் திறந்து கிடப்பதால் பூட்டுகள் மரத்துப்போகின்றன. ஈடுகட்ட மூளை கூடுதலாகப் பூட்டுகளைச் செய்து வைக்கிறது. பழைய அளவு போதாமல், நாளுக்கு ஒரு பொட்டலம் இரண்டு பொட்டலம் ஆவது இதனால்தான்.

ரத்தத்தில் உள்ள நிக்கோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய, காலியான பூட்டுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுதல், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் அப்போது வருபவை. கடைசியாகப் போட்டதிலிருந்து சில மணி நேரத்தில் இது தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பிறகு இறங்கும். 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். கூடுதலாக முளைத்த பூட்டுகளும் போய்விடுகின்றன. புகைப்பதை நிறுத்தியவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், சுமார் 3 மாதங்களுக்குள் அந்த எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது.

இந்த வாசகியின் கணவர் மூன்று முறையும் ஏற்றத்தை முழுதாக ஏறியிருக்கிறார். இறக்கம் தொடங்கும் இடத்தில்தான் திரும்பியிருக்கிறார். அடுத்த முறை மஞ்சள் வெட்டு, கரும்பு வெட்டு போன்ற நெருக்கடி நாட்களைத் தவிர்த்து ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ‘இந்த நாலைந்து நாள் கோபம் வரும், யாரும் பதிலுக்குப் பேச வேண்டாம்’ என்று மாமனார் உட்பட வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். உச்சத்தின் வேகத்தைக் குறைக்க மருந்தும் இருக்கிறது, அது ஐந்தாம் பதிலில் வருகிறது. வாயில் உள்ள வெள்ளைத் தடிப்பை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது புற்றுநோயாக மாறக்கூடியது. பழக்கத்தை விடும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ உடனே காட்ட வேண்டும்.

‘புகையிலைச் சாற்றை அசுவினிக்குத் தெளித்தால் பூச்சி செத்துப்போகிறது. அதே இலையை மெல்லும் மனுஷன் சாகாமல், அதையே தேடிப் போகிறானே, எப்படி? ஒடிக்கிற நாட்களில் எனக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவதற்கும் இதுதான் காரணமா?’
– புகையிலை விவசாயி, வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்

நிக்கோடின் என்பது புகையிலைச் செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பூச்சிமருந்து. அது வேரில் உருவாகி, தண்ணீரோடு மேலேறி இலையில் சேர்கிறது. புழு கடித்தால் செடி இன்னும் அதிகமாகச் சுரக்கும். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலையில் காரம் கூடுவதை விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். நுனி போனதும் வேரில் நிக்கோடின் உற்பத்தி கூடுவதே அதற்குக் காரணம்.

மனித நரம்பில் உள்ள அதே வகைப் பூட்டு பூச்சியின் நரம்பிலும் இருக்கிறது. பூச்சிக்கு அந்தப் பூட்டு தொடர்ந்து திறந்தே கிடந்தால் நரம்பு ஓயாமல் துடித்து, நடுங்கி, செத்துவிடும். இப்போது வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினிக்குத் தெளிக்கிற இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளும் இதே பூட்டைத்தான் தாக்குகின்றன. அதனால்தான் அந்த வகைக்கு நியோநிக்கோட்டினாய்டு என்று பெயர். அவை பூச்சியின் பூட்டில் இறுக்கமாகவும் மனிதனின் பூட்டில் தளர்வாகவும் பொருந்துபவை. நிக்கோடினுக்கு அந்த வேறுபாடு கிடையாது, இரண்டிலும் நன்றாகப் பொருந்தும்.

மனிதன் சாகாததற்குக் காரணம் அளவுதான். உடல் எடையோடு ஒப்பிட்டால் மெல்லும்போது உள்ளே போவது சிறிதளவே. கல்லீரல் அதை அவ்வப்போது சிதைத்து வெளியேற்றிவிடும். அந்தச் சிறிய அளவு கொல்லாது. ஆனால் டோபமைனைச் சுரக்க வைக்க அது போதும். முதன்முதலாகப் போட்ட நாளில் கிறுகிறுப்பும் குமட்டலும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அது உடல் விஷத்தை அடையாளம் கண்ட நாள். சில நாட்களில் பூட்டுகள் மரத்துப்போக, குமட்டல் நின்று ஏக்கம் மட்டும் மிஞ்சும்.

ஒடிக்கிற நாட்களின் வாந்திக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பனியிலும் மழையிலும் நனைந்த பச்சை இலையிலிருந்து நிக்கோடின் தண்ணீரில் கரைந்து தோல் வழியாக உள்ளே போகும். குமட்டல், வாந்தி, தலைவலி, தலைச்சுற்றல், நடுக்கம் வரும். பனி காய்ந்த பிறகு ஒடிப்பது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவது, நனைந்த துணியை உடனே மாற்றுவது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது ஆகியவை பாதுகாப்பு. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. சாறு காய்ச்சித் தெளிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இலையிலிருந்து எடுத்தது என்பதால் அது தீங்கற்றது ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. புகையிலை தேமல் வைரஸ் பதப்படுத்திய இலையிலும் உயிரோடு இருக்கும். பீடி பிடித்த கை, புகையிலை கசக்கிய கை மூலமாக அது தக்காளி, மிளகாய் நாற்றுகளுக்குப் போகும். நாற்றங்காலில் இறங்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

‘பீடியை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. தோட்டத்தில் இருக்கும்போது நினைப்பே வருவதில்லை. சந்தை நாளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது. உடம்பில் நிக்கோடின் இல்லாதபோது இது ஏன்?’
– காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்

உடம்பை விட்டு நிக்கோடின் போய்விட்டது. மூளை கற்ற பாடம் இன்னும் போகவில்லை.

மாட்டுக் கொட்டகையில் தினமும் நடப்பதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். தவிட்டு வாளியின் சத்தம் கேட்டதும் மாடு தலையைத் தூக்கும், நாக்கைச் சுழற்றும். தவிடு இன்னும் வந்திருக்காது, சத்தம் மட்டும்தான் வந்திருக்கும். மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதை வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1990-களில் குரங்குகளின் நரம்புகளை அளந்து காட்டினார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போதுதான் டோபமைன் நரம்புகள் துடித்தன. சாறு வரும் முன் ஒரு விளக்கு எரிவதைக் குரங்கு பழகிக்கொண்ட பிறகு, விளக்கு எரிந்த கணத்திலேயே அவை துடித்தன. சாறு வந்தபோது துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அந்த நேரத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஏமாற்றமும் ஏக்கமும் அந்த இறக்கத்தோடு சேர்ந்தவை.

இவருக்கு டீக்கடை பெஞ்சுதான் அந்த விளக்கு. டீயின் சூடு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் புகை, தீக்குச்சி உரசும் சத்தம் எல்லாமே ஆண்டுக்கணக்கில் பீடியோடு சேர்ந்து வந்தவை. ஒரு நாளைக்கு 20 பீடி, ஒவ்வொன்றிலும் 10 இழுப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 73,000 தடவை இந்தப் பாடம் நடந்திருக்கிறது. இழுத்த புகை சுமார் 10 முதல் 20 விநாடிகளில் மூளையை எட்டிவிடும். செயலுக்கும் பலனுக்கும் இடைவெளி குறையக் குறையப் பாடம் ஆழமாகப் பதியும்.

இந்தப் பாடம் அழிவதற்கு ஒரே வழி, விளக்கு எரிந்தும் சாறு வராத அனுபவம் பலமுறை நடப்பதுதான். முதல் சில மாதங்களுக்குப் பழைய பெஞ்சைத் தவிர்ப்பது நல்லது. வேறு கடை, நின்றுகொண்டே டீ, கையில் கொஞ்சம் வறுத்த கடலை, சட்டைப்பையில் தீப்பெட்டி இல்லாமல் இருப்பது எல்லாம் உதவும். ஒரு தடவை வரும் ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு வேலை கையில் இருந்தால் போதும். ‘ஒன்றே ஒன்று’ என்று பிடிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் பழைய பாடம் முழுவதும் அந்த ஒன்றில் திரும்பிவிடும்.

‘காலையில் பீடி பிடித்தால்தான் எனக்கு வெளிக்கு வருகிறது. மத்தியானம் பசி தெரியாமல் வேலை பார்க்கவும், பதற்றம் அடங்கவும் அதுதான் துணை. இவ்வளவு உபயோகம் உள்ளதை எப்படி விடுவது?’
– விவசாயக் கூலித் தொழிலாளர், பெரம்பலூர் மாவட்டம்

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. நிக்கோடின் குடலைத் தூண்டும், பசியை மட்டுப்படுத்தும். விடும்போது சில வாரங்கள் மலச்சிக்கல் வரலாம், பசி கூடலாம், சில கிலோ எடையும் ஏறலாம். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கீரை, கொய்யா, வாழைப்பழம், கம்பு, கேழ்வரகு இருந்தால் குடல் தன் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். மத்தியானப் பசி, உடம்புக்குச் சோறு வேண்டும் என்று சொல்லும் செய்தி. அதை மறைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிப்பது லாபம் ஆகாது.

பதற்றத்தின் கணக்கு வேறு. காலை முதல் பீடிக்கு முன்னால் இருக்கும் பதற்றம், இரவெல்லாம் நிக்கோடின் இறங்கியதால் வந்தது. பீடி அதைத்தான் அடக்குகிறது. இரண்டு மணி நேரத்தில் அது மறுபடியும் இறங்கும், மறுபடியும் பதற்றம் வரும். கடன்காரனே வட்டி கட்டக் கைமாற்றுக் கொடுப்பதைப் போன்றது இது. கொஞ்ச நேரம் நிம்மதி, கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். விட்டு ஒன்றிரண்டு மாதம் கடந்தவர்களின் பதற்றம், பீடி பிடித்த காலத்தில் இருந்ததைவிடக் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியோ முதல் வாய்ப் புகையிலையோ தேவைப்பட்டால் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்கள் மருத்துவ உதவி இல்லாமல் தனியாகப் போராடுவது வீண் சிரமம்.

‘விடுவதற்கு மருந்து உண்டா? சூயிங்கம் போல ஒன்று விற்கிறார்களே, அதிலும் நிக்கோடின்தானே இருக்கிறது? பேரனைத்தான் கடைக்கு அனுப்பி வாங்குகிறேன், அவனுக்கு வயது 14. இதனால் அவனுக்கும் பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.’
– வாசகர், மணப்பாறை

நிக்கோடின் கம்மில் இருப்பதும் நிக்கோடின்தான். ஆனால் புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் புகையில் தாரும் இருக்கின்றன, கம்மில் அவை இல்லை. அதோடு, கம்மிலிருந்து நிக்கோடின் மெதுவாக ஏறும். மூன்றாம் நாள் கோபத்தை அடக்கும் அளவுக்கு இருக்கும், புதிய பாடம் பதியும் அளவுக்கு வேகம் இருக்காது. வெற்றிலையில் சுண்ணாம்பு செய்யும் வேலை இதற்கு நேர் எதிரானது. சுண்ணாம்பின் காரத்தன்மை நிக்கோடினை வாயின் தோல் வழியாக வேகமாக உள்ளே செலுத்துகிறது. சுண்ணாம்போடு கசக்கியது சட்டென்று ஏறுவது இதனால்தான்.

கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்ற அளவுகளில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் குமட்டலும் விக்கலும் வரும். மெதுவாகச் சில தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். சுமார் அரை மணி நேரம் இப்படி. கால் மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, குளிர்பானம் கூடாது, அவை மருந்தை உள்ளே போகவிடாது. கூடவே புகையிலையும் போடக் கூடாது. சில வாரங்களில் எண்ணிக்கையைக் குறைத்து, மூன்று மாதங்களில் நிறுத்திவிடலாம். இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மூளையின் பூட்டில் பாதியளவு பொருந்தி ஏக்கத்தைக் குறைக்கும் வேரனிக்லைன், மற்றும் புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளும் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அவற்றைச் சாப்பிடலாம்.

புகையிலைக்குப் பதிலாகப் பாக்கு மட்டும் போடுவது தீர்வு ஆகாது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது.

பேரனைப் பற்றிய பயம் நியாயமானது. மூளை 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். பரிசு அமைப்பு வேகமாக வேலை செய்து, ‘வேண்டாம்’ என்று தடுக்கும் முன்பகுதி இன்னும் முதிராத வயது 14. இந்த வயதில் பழகியவர்களுக்குப் பிடி அதிகம், விடுவதும் கடினம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் புகையிலைப் பொருட்களை விற்பது 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் குற்றம். பேரனைக் கடைக்கு அனுப்புவதை இன்றே நிறுத்த வேண்டும். ‘தாத்தா விடப் பார்க்கிறேன், கஷ்டமாக இருக்கிறது’ என்று அவனிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவன் நினைவில் அது நிற்கும்.

எங்கே கேட்பது?

2016–17-ல் எடுத்த தேசிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவிகிதம் பேர் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் வாயில் போடுபவர்களே அதிகம். விட முயல்பவர்களுக்காக மத்திய அரசு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை வைத்திருக்கிறது. பீடி, சிகரெட், புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சாகியிருப்பதும் இந்த எண்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் இதற்கான ஆலோசனையைக் கேட்டுப் பெறலாம். முன்பு முயன்று தோற்றவர்கள், எத்தனையாவது நாளில் திரும்பினோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது நல்லது. மருந்தின் அளவை முடிவு செய்ய அது உதவும்.

அடுத்த இதழில்: பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் உடலைக் காத்துக்கொள்வது எப்படி?